குழாயில் குடியேறியவை

மருத்துவமனைப் பரிசோதனைக்கூடத்திலிருந்து வரும் கல்ச்சர் ரிப்போர்ட்டில் ஆன்டிபயாடிக் மருந்துகளின் பெயர்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே 'எஸ்' அல்லது 'ஆர்' என்று ஓர் எழுத்து. நோயாளியின் இரத்தத்திலோ சிறுநீரிலோ அகப்பட்ட பாக்டீரியா அந்த மருந்துக்கு அடங்கும் என்றால் எஸ், அடங்காது என்றால் ஆர். எஸ் விழுந்த மருந்து ஏற்றப்படுகிறது, காய்ச்சல் இறங்குகிறது. மருந்தை நிறுத்திய சில நாள்களில் காய்ச்சல் திரும்புகிறது. மறுபடி கல்ச்சர் எடுத்தால் அதே பாக்டீரியா. அதே மருந்துக்கு எதிரே அதே எஸ். தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்தச் சுழல் புதிதில்லை. பரிசோதனைக்கூடம் பிழை செய்துவிட்டதோ என்று சந்தேகிக்கத் தோன்றும். பெரும்பாலும் பிழை அங்கே இருப்பதில்லை. ஊட்டச்சத்துள்ள திரவத்தில் தனித்தனியாக மிதந்து வேகமாகப் பெருகும் பாக்டீரியாவைத் தடுக்க எவ்வளவு மருந்து போதும் என்பதை அந்தச் சோதனை அளக்கிறது. அளந்ததைச் சரியாகவே சொல்கிறது. நோயாளியின் உடலில் இருக்கும் பாக்டீரியாவோ மிதக்கவில்லை. அவருக்குப் பொருத்தப்பட்ட குழாயின் சுவரில் ஒட்டிக்கொண்டு, தானே சுரந்த பசைக்குள் கூட்டமாகக் குடியிருக்கிறது. இந்தக் குடியிருப்பைத்தான் உயிரிப்படலம், பயோஃபிலிம் என்கிறார்கள். மருத்துவமனையில் தொற்றும் மருந்தெதிர்ப்பு பாக்டீரியாவைப் பற்றிய நம் பேச்சு பெரும்பாலும் ஆர் என்ற எழுத்தையே சுற்றி வருகிறது: எந்த மருந்து தோற்றது, அடுத்த மருந்து எப்போது வரும். ரிப்போர்ட்டில் இடம்பெறாத இந்தக் குடியிருப்பு வாழ்க்கையைக் கணக்கில் எடுக்காவிட்டால் ஆர் எப்படிப் பெருகுகிறது என்பதும் விளங்காது, வார்டில் இன்று என்ன செய்வது என்பதும் விளங்காது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இதற்கான சாட்சியம் 1982-இல் கண்ணுக்குத் தெரியும் வடிவில் கிடைத்தது. பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டிருந்த ஒருவருக்கு ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் இரத்தத்தில் பரவியது. ஆன்டிபயாடிக் கொடுத்தும் திரும்பத் திரும்ப வந்தது. பேஸ்மேக்கரின் கம்பியை வெளியே எடுத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது, அதன் மேல் பாக்டீரியாக்கள் அடுக்கடுக்காக ஒரு பசைப் பொருளுக்குள் புதைந்து கிடந்தன. அந்த ஆய்வில் பங்கேற்றவர்களில் ஒருவர் கனடா நாட்டு நுண்ணுயிரியலாளர் பில் காஸ்டர்டன். அவர் மருத்துவத்துக்கு வந்த வழி வேடிக்கையானது. மலை ஓடைகளில் பாக்டீரியாக்களைத் தேடியவர் அவர். ஓடை நீரில் மிதப்பவை சொற்பம், அடியில் கிடக்கும் வழுவழுப்பான கற்களில் ஒட்டியிருப்பவையே ஏராளம் என்று கண்டு, 1978-இல் 'சயன்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் தம் சகாக்களோடு சேர்ந்து எழுதினார். கல்லில் நடப்பதே மனித உடலுக்குள் வைக்கப்பட்ட பிளாஸ்டிக்கிலும் உலோகத்திலும் நடக்கும் என்பது அவருடைய ஊகம். மருத்துவ நுண்ணுயிரியல் அதுவரை வேறு பாதையில் போய்க்கொண்டிருந்தது. ஒரு நோய்க்கு ஒரு கிருமி என்று நிறுவுவதற்காக ராபர்ட் கோக் வகுத்துக்கொடுத்த தூய வளர்ப்பு முறை மகத்தான வெற்றி பெற்றது. காலராவும் காசநோயும் அந்த வழியில்தான் பிடிபட்டன. பாக்டீரியா என்றாலே சோதனைக் குழாயில் மிதப்பது என்ற பழக்கம் அந்த வெற்றியோடு ஒட்டி வந்தது. இதில் ஒரு வரலாற்று விசித்திரமும் உண்டு. டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி லேவன்ஹூக் 1680-களிலேயே தம் பல்லில் படிந்த காறையைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தார். வினிகரால் வாய் கொப்பளித்தால் காறையின் மேற்பரப்பில் உள்ள உயிர்கள் மட்டுமே சாகின்றன, உள்ளே இருப்பவை பிழைத்துக்கொள்கின்றன என்று குறித்தும் வைத்தார். பாக்டீரியாவை முதன்முதலில் கண்டவரே இந்தப் பிரச்சினையையும் கண்டுவிட்டார். அது மருத்துவத்தின் பிரச்சினை என்று உணர ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் பிடித்தன.

படலம் உருவாகும் விதத்தைச் சற்று நிதானமாகப் பார்ப்பது நல்லது, ஏனெனில் சிகிச்சை பற்றிய முடிவுகள் எல்லாம் அதன் கால அளவோடு பிணைந்தவை. இரத்தக் குழாய்க்குள் ஒரு பிளாஸ்டிக் குழாய் நுழைந்த சில நிமிடங்களிலேயே ஃபைப்ரினோஜன், ஃபைப்ரோனெக்டின் போன்ற புரதங்கள் அதன் மேல் படிந்துவிடுகின்றன. பாக்டீரியாவின் கண்ணில் அது இனிமேல் பிளாஸ்டிக் இல்லை, நம் திசு. ஸ்டெஃபைலோகாக்கஸின் மேற்பரப்பில் இந்தப் புரதங்களைப் பற்றிக்கொள்வதற்கென்றே அமைந்த மூலக்கூறுகள் இருக்கின்றன. முதலில் ஒட்டுவது தளர்வான ஒட்டல். விலகிப் போகவும் கூடும். சூடோமோனாஸ் போன்ற நீந்தும் பாக்டீரியாக்களில், ஒட்டிய செல்லுக்குள் சைக்ளிக் டை-ஜி.எம்.பி. என்ற சிறு மூலக்கூறின் அளவு ஏறும்போது நிலைமை மாறுகிறது: நீந்தும் கசையிழைகளின் வேலை ஓய்கிறது, பசை சுரக்கும் வேலை தொடங்குகிறது. அந்தப் பசை சர்க்கரைச் சங்கிலிகள், புரதங்கள் இவற்றோடு, செத்த செல்களிலிருந்து கசிந்த டி.என்.ஏ.வும் கலந்த கலவை. டி.என்.ஏ. அங்கே வெறும் கழிவாகக் கிடக்கவில்லை, சட்டகமாகத் தாங்குகிறது என்பதை 2002-இல் சூடோமோனாஸ் ஆய்வொன்று காட்டியது, டி.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதியைச் சேர்த்தால் இளம் படலம் கரைந்துவிடுகிறது. கூட்டம் பெருகும்போது செல்கள் ஒன்றுக்கொன்று வேதிச் செய்திகள் விடுகின்றன. அந்தச் செய்தியை உண்டாக்கும் மரபணுவை நீக்கிய சூடோமோனாஸ், தட்டையான, சோப்புப் பொருளுக்கே கரைந்துபோகும் நோஞ்சான் படலத்தைத்தான் கட்டியது என்று 1998-இல் டேவிட் டேவிஸ் குழுவினர் எழுதினர். முற்றிய படலத்திலிருந்து சில செல்கள் பிரிந்து மீண்டும் மிதக்கத் தொடங்கும். நோயாளிக்குக் குளிரும் காய்ச்சலும் வருவது பெரும்பாலும் அப்போதுதான். ஆன்டிபயாடிக் கொல்வதும் அவற்றைத்தான். கல்ச்சர் பாட்டிலில் அகப்படுவதும் அவைதான். தாய்க் குடியிருப்பு அப்படியே இருக்கிறது. முதல் பத்தியில் சொன்ன சுழலுக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

எவ்வளவு தாங்கும் என்பதற்கு 1985-இல் காஸ்டர்டன் குழுவினர் செய்த சோதனை ஒன்று போதும். சிறுநீர்க் குழாய் செய்யப் பயன்படும் பொருளின் மேல் சூடோமோனாஸைப் படலமாக வளர்த்தனர். மிதக்கும் சூடோமோனாஸை ஒரு மில்லிலிட்டருக்கு 50 மைக்ரோகிராம் டோப்ராமைசின் எட்டு மணி நேரத்தில் முற்றாகக் கொன்றது. அதே பாக்டீரியா படலத்தில் இருந்தபோது 1,000 மைக்ரோகிராம் மருந்தில் பன்னிரண்டு மணி நேரம் ஊறிய பிறகும் கணிசமானவை உயிரோடு இருந்தன. அந்த அளவு டோப்ராமைசினை மனித இரத்தத்தில் எட்ட நினைத்தால் பாக்டீரியாவுக்கு முன்னால் சிறுநீரகம் போய்விடும். இதைக் கேட்டதும் எவருக்கும் தோன்றும் விளக்கம், பசை மருந்தை உள்ளே விடுவதில்லை என்பது. பாடநூல்களிலும் இப்படி எழுதப்பட்டிருப்பதைப் பார்க்கலாம். அது முழு உண்மை ஆகாது. 2000-ஆம் ஆண்டில் மொன்டானாவில் க்ளெப்சியெல்லா நிமோனியேயை வைத்து இதை நேரடியாகச் சோதித்தார்கள். ஆம்பிசிலினைச் சிதைக்கும் நொதி உடைய வகையின் படலத்தை ஆம்பிசிலின் ஊடுருவ முடியவில்லை, வழியிலேயே சிதைந்தது. அந்த நொதி இல்லாத வகையின் படலத்தை ஆம்பிசிலின் தாராளமாக ஊடுருவியது. சிப்ரோஃப்ளாக்சசினும் ஊடுருவியது. மருந்து அடிவரை போய்ச் சேர்ந்த பிறகும் படலத்து பாக்டீரியாக்கள் சாகவில்லை. ஆகவே சுவரைப் பற்றி மட்டும் பேசிப் பயனில்லை. உள்ளே இருப்பவை எந்த நிலையில் இருக்கின்றன என்று கேட்க வேண்டும்.

உள்ளே இருப்பவை பட்டினி கிடக்கின்றன. மேலடுக்கில் உள்ளவை ஆக்சிஜனையும் உணவையும் எடுத்துக்கொண்டுவிடுவதால் ஆழத்தில் இருப்பவை ஏறத்தாழ வளர்ச்சியை நிறுத்தி வைத்திருக்கின்றன. நம்மிடம் உள்ள ஆன்டிபயாடிக்குகளில் பலவும் வளரும் செல்லைக் குறிவைத்துச் செய்யப்பட்டவை. பெனிசிலின் குடும்பம் செல் சுவர் கட்டும் வேலையைக் கெடுக்கிறது. கொத்தனார் வேலைக்கே வராத வீட்டில் கெடுப்பதற்கு என்ன இருக்கிறது? டோப்ராமைசின் வகை மருந்துகள் செல்லுக்குள் புகுவதற்கே சுவாசத்தால் உண்டாகும் ஆற்றல் வேண்டும். ஆக்சிஜன் இல்லாத ஆழத்தில் அந்த வாசல் அடைத்திருக்கிறது. இவற்றுக்கும் அப்பால், எந்தப் பெரிய கூட்டத்திலும் மிகச் சில செல்கள் ஆழ்ந்த உறக்கத்தில் இருக்கின்றன. டப்ளினைச் சேர்ந்த ஜோசஃப் பிக்கர் 1944-இல், பெனிசிலின் புழக்கத்துக்கு வந்த சூட்டோடு, இவற்றைக் கண்டு 'விடாப்பிடியானவை' என்ற பொருள்படப் பெயரிட்டார். அவை மருந்தெதிர்ப்பு பெற்றவை அல்ல: மருந்தை நீக்கி மறுபடி வளர்த்தால் அவற்றின் சந்ததி பழையபடியே பெனிசிலினுக்குச் சாகின்றன. மிதக்கும் நிலையில் இப்படித் தப்பிக்கும் சிலவற்றை நம் வெள்ளையணுக்கள் விழுங்கித் தீர்த்துவிடும். படலத்துக்குள் புகுந்து அவற்றைப் பிடிக்க வெள்ளையணுக்களால் முடிவதில்லை. கட்டியை விழுங்கப் பார்த்துத் தோற்று, தம் நொதிகளைச் சுற்றிலும் கொட்டி, பாக்டீரியாவைவிடப் பக்கத்துத் திசுவுக்கே அதிகச் சேதம் செய்கின்றன.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். இது எல்லா பாக்டீரியாக்களுக்கும் பொதுவான குணமாயிற்றே. மருந்தெதிர்ப்பு என்ற சிக்கலோடு இதை ஏன் முடிச்சுப்போட வேண்டும்? எதிர்ப்பு மரபணுவில் எழுதப்பட்டது, தாங்கும் திறன் வாழும் நிலையால் வருவது, இரண்டும் வேறு. ஆட்சேபம் பாதி சரி. மருத்துவமனையிலிருந்து எடுத்த பாக்டீரியாக்களை பிளாஸ்டிக் தட்டில் வளர்த்து, ஊதாச் சாயம் ஏற்றி, எது தடிமனான படலம் கட்டுகிறது என்று பார்த்து, அதற்கும் மருந்தெதிர்ப்புக்கும் தொடர்பு தேடும் ஆய்வுகள் நூற்றுக்கணக்கில் வந்திருக்கின்றன. முடிவுகள் ஒத்துப்போவதில்லை. பல மருந்துகளை எதிர்க்கும் அசினெட்டோபாக்டரைவிட எளிதில் அடங்கும் அசினெட்டோபாக்டரே தடித்த படலம் கட்டும் போக்கைக் காட்டியதாக 2016-இல் வெளியான சீன ஆய்வு ஒன்று சொல்கிறது. எளிய மருந்துக்கே சாகக்கூடியது ஒளிந்துகொள்வதை நம்பி வாழ்கிறது என்று அதை வாசிக்கலாம். தொற்றுகளில் 80 விழுக்காட்டுக்குமேல் படலத்தால் வருபவை என்ற எண்ணையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் ஆய்வு நிதி அறிவிப்பு ஒன்றிலிருந்து அது கட்டுரை கட்டுரையாகத் தாவி வந்திருக்கிறது. நோயாளிகளை எண்ணிக் கணக்கெடுத்து வந்த எண்ணாக அதை எடுத்துக்கொள்ள முடியாது. குழாய், செயற்கை மூட்டு, செயற்கை வால்வு ஆகியவற்றைப் பற்றிய தொற்றுகளில் படலம் மையமானது என்பதற்கு இந்த எண்ணின் துணை தேவையும் இல்லை.

ஆட்சேபத்தின் மறுபாதி நிற்காது. தாங்கும் திறன் எதிர்ப்புக்கு அவகாசம் வாங்கித் தருகிறது. ஜெருசலேமில் நதாலி பாலபான் குழுவினர் ஈ.கோலையை விட்டுவிட்டு ஆம்பிசிலினுக்கு ஆட்படுத்தி அதன் பரிணாமத்தைப் பின்தொடர்ந்தனர். முதலில் வந்தது மருந்தைத் தாங்கி உறங்கும் திறன்; அப்படித் தாங்கியவற்றிலிருந்தே பிறகு எதிர்ப்பு எழுந்தது என்று 2017-இல் எழுதினர். சாகாமல் இருந்தால்தானே மாறுவதற்கு வாய்ப்பு? படலத்துக்குள் இந்த வாய்ப்பு எந்த மரபு மாற்றமும் இல்லாமல் இலவசமாகக் கிடைக்கிறது. அசினெட்டோபாக்டரை சிப்ரோஃப்ளாக்சசினுக்கு எதிராக மிதக்கவிட்டும் படலமாகவும் வளர்த்து ஒப்பிட்ட பிட்ஸ்பர்க் ஆய்வு 2019-இல் நுட்பமான ஒரு வேறுபாட்டைக் காட்டியது. மிதந்தவற்றில் கடுமையான எதிர்ப்பு எழுந்தது, ஆனால் அதற்கு விலையாக வளரும் வேகம் குறைந்தது. படலத்தில் எழுந்த எதிர்ப்பு அவ்வளவு கடுமையானது அல்ல. வகைகள் அதிகம், வளர்ச்சியில் இழப்பு குறைவு. ரிப்போர்ட்டில் அதிர்ச்சி தராத இந்த மிதமான எதிர்ப்பே மருத்துவமனையில் நெடுநாள் தங்கக்கூடியது என்று எனக்குத் தோன்றுகிறது. இன்னொரு கண்ணி பிளாஸ்மிட். எதிர்ப்பு மரபணுக்களை ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுசெல்லும் இந்த டி.என்.ஏ. வளையங்கள் தாவுவதற்கு இரு செல்கள் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். படலத்தில் அதற்குக் குறைவில்லை. இயற்கையில் கிடைக்கும் தாவும் பிளாஸ்மிட்டுகள் தம்மைச் சுமக்கும் ஈ.கோலையைப் படலம் கட்டவும் தூண்டுகின்றன என்று பாரிஸின் ஜான்-மார்க் கீகோ 2001-இல் காட்டினார். பிளாஸ்மிட் தனக்கான சந்தையைத் தானே கட்டிக்கொள்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமியை முதல் ஆசிரியராகக் கொண்டு 2010-இல் வெளிவந்த, கார்பாபெனம் வகை ஆன்டிபயாடிக்குகளைச் சிதைக்கும் என்.டி.எம்.-1 நொதி பற்றிய கட்டுரையில் சென்னையிலிருந்து 44, ஹரியானாவிலிருந்து 26, பிரிட்டனிலிருந்து 37 என்று பாக்டீரியாக்கள் பட்டியலிடப்பட்டபோது நொதிக்குப் புது தில்லியின் பெயரை வைத்தது சரியா என்ற சண்டைதான் இங்கே பெரிதாக நடந்தது. அந்த நொதிக்கான மரபணு பெரும்பாலும் பிளாஸ்மிட்டில் இருந்தது என்ற செய்திக்கு அந்த அளவு கவனம் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டே புது தில்லியின் தேங்கிய தெருநீர் மாதிரிகள் 171-இல் 51-இலும், குழாய் நீர் மாதிரிகள் 50-இல் இரண்டிலும் அதே மரபணு கண்டுபிடிக்கப்பட்டது.

நீர் என்றதும் கட்டிடத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். நோயாளியின் உடலில் உள்ள குழாயைப் போலவே மருத்துவமனையின் உடலிலும் குழாய்கள் ஓடுகின்றன. டொரண்டோ நகர மருத்துவமனை ஒன்றில் 2004-க்கும் 2006-க்கும் இடையே பல மருந்துகளை எதிர்க்கும் சூடோமோனாஸ் 36 நோயாளிகளிடம் பரவியது. ஊற்றுக்கண், கைகழுவும் தொட்டிகளின் வடிகால். ஒளிரும் சாயத்தை வடிகாலில் ஊற்றிக் குழாயைத் திறந்து பார்த்தபோது ஒரு மீட்டர் தூரம்வரை தெறிப்பு விழுந்தது. அந்த எல்லைக்குள்தான் மருந்து கலக்கும் மேசையும் இருந்தது. கிருமிநாசினி ஊற்றியும் தீரவில்லை, தெறிக்காதபடி தொட்டியை மாற்றியமைத்த பிறகே அடங்கியது. வடிகாலின் அடி வளைவிலிருந்து படலம் நாளொன்றுக்குச் சுமார் ஓர் அங்குலம் மேல்நோக்கி ஏறி ஒரு வாரத்தில் சல்லடையை எட்டிவிடுகிறது என்று வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் இதற்காகவே தொட்டிகளை வரிசையாக அமைத்து 2017-இல் அளந்தார்கள். தொற்றைத் தடுக்கக் கை கழுவச் சொல்லி வைத்த தொட்டியே தொற்றின் மூலமாவதை முரண் என்று வியந்துவிட்டுப் போவதில் பயனில்லை. தொட்டி எங்கே இருக்க வேண்டும், குழாய் நீர் நேராக வடிகால் வாயில் விழலாமா என்பவை வரைபடத்திலேயே தீர்மானிக்க வேண்டிய விஷயங்கள். ஈரம் இல்லாத இடமும் விலக்கில்லை. சிட்னியில் ஒரு தீவிர சிகிச்சைப் பிரிவைக் குளோரின் கொண்டு இறுதிச் சுத்தம் செய்த பிறகு, அங்கிருந்த பொருள்களை வெட்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தபோது ஆறில் ஐந்தில் உலர்ந்த படலம் இருந்தது. பித்தநாளத்தைப் பார்க்கும் எண்டோஸ்கோப் வழியாக 2013-இல் இல்லினாய் மாநிலத்தில் என்.டி.எம். தாங்கிய ஈ.கோலை பரவியதில் 39 பேர் பாதிக்கப்பட்டனர். கருவியைச் சுத்தம் செய்ததில் விதிமீறல் எதையும் விசாரணையால் கண்டுபிடிக்க முடியவில்லை. நுனியில் இருந்த சிக்கலான அசையும் பாகத்துக்குள் தூரிகை எட்டவில்லை. வாயு முறையில் கிருமி நீக்கத் தொடங்கிய பிறகு அங்கே புதிய தொற்று வரவில்லை. யார் ஒழுங்காகக் கழுவவில்லை என்று ஊழியரைத் தேடும் வழக்கமான விசாரணைக்கு இந்தச் சம்பவம் நல்ல மருந்து.

அப்படியானால் படலத்தையே தாக்கும் மருந்து வரட்டும், படலம் ஒட்டாத குழாய் வரட்டும் என்று சொல்பவர்கள் உண்டு. ஆய்வுக்கூடத்தில் நம்பிக்கை தரும் பொருள்களுக்குப் பஞ்சமில்லை. ஏதாவதொரு மூலிகைச் சாறோ வெள்ளி நுண்துகளோ படலத்தைக் கரைத்ததாக வாரந்தோறும் ஒரு கட்டுரை வருகிறது. வார்டுக்கு வரும்போது கதை மாறுகிறது. வெள்ளிக் கலவை பூசிய சிறுநீர்க் குழாயை பிரிட்டனின் 24 மருத்துவமனைகளில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் சோதித்து 2012-இல் முடிவை வெளியிட்டார்கள். சாதாரணக் குழாயில் 12.6 விழுக்காட்டினருக்கும் வெள்ளிக் குழாயில் 12.5 விழுக்காட்டினருக்கும் தொற்று வந்தது. குழாயின் மேல் சில நிமிடங்களில் புரதம் படிந்துவிடுகிறது என்று முன்பு பார்த்தோமே, பூச்சை மூடி மறைப்பதில் அதற்கும் ஒரு பங்கு இருக்கலாம். மருந்து ஏற்றப்பட்ட மையச் சிரைக் குழாய்கள் இதைவிட நன்றாகவே வேலை செய்கின்றன என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஓர் உபகரணத்தில் கிடைத்த தோல்வியை எல்லாவற்றுக்கும் நீட்டக் கூடாது. பரிசோதனையையே மாற்றி, படலமாக வளர்த்து மருந்தைத் தேர்ந்தெடுக்கலாம் என்ற யோசனையும் தர்க்கமானதே. அதற்கான கருவியைக் கால்கரியில் 1999-இலேயே உருவாக்கிவிட்டார்கள். நுரையீரலில் நாள்பட்ட சூடோமோனாஸ் படலம் உள்ள சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளிகளிடம் அப்படித் தேர்ந்தெடுத்த மருந்தையும் வழக்கமான முறையில் தேர்ந்தெடுத்த மருந்தையும் ஒப்பிட்டபோது குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. பிளாஸ்டிக் ஆணியில் ஒரு நாள் வளர்ந்த படலமும் நுரையீரலில் பல ஆண்டு முதிர்ந்த படலமும் ஒன்றில்லை.

என் வாதத்துக்கு எதிராக நிற்கும் வலுவான சான்று வேறொன்று. எலும்பு முறிவுக்கு வைத்த தகடோ செயற்கை மூட்டோ ஸ்டெஃபைலோகாக்கஸ் தொற்றுக்கு ஆளானவர்களிடம் ஸ்விட்சர்லாந்தின் வெர்னர் சிம்மர்லி குழுவினர் நடத்திய சோதனை 1998-இல் வெளியானது. உபகரணத்தை எடுக்காமலேயே திசுவைச் சுத்தம் செய்து, சிப்ரோஃப்ளாக்சசினோடு ரிஃபாம்பிசின் சேர்த்துச் சிகிச்சையை முடித்த 12 பேரும் குணமாயினர். ரிஃபாம்பிசின் சேராத பிரிவில் 12-இல் ஏழு பேர். சிறிய சோதனைதான், ஆனாலும் எலும்பு மருத்துவத்தின் நடைமுறையை மாற்றியது. காசநோய் மருந்தாக நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ரிஃபாம்பிசின், வளர்ச்சி ஓய்ந்த ஸ்டெஃபைலோகாக்கஸையும் கொல்லக்கூடியது. ஆகவே படலத்தை மருந்தால் வெல்லவே முடியாது என்று பேசுவது மிகை. எந்த எல்லைக்குள் அது வென்றது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்: உபகரணம் ஆட்டம் காணவில்லை, தொற்று இளமையானது, அறுவை சிகிச்சையால் பெரும்பகுதி சுரண்டி எடுக்கப்பட்டது, தொற்றியது ஸ்டெஃபைலோகாக்கஸ். தனியாகக் கொடுத்தால் ரிஃபாம்பிசினுக்கு எதிர்ப்பு விரைவில் வந்துவிடும் என்பதால் துணை மருந்தும் வேண்டும். நம் தீவிர சிகிச்சைப் பிரிவுகளை அலைக்கழிக்கும் அசினெட்டோபாக்டருக்கோ க்ளெப்சியெல்லாவுக்கோ இப்படியொரு மருந்து கைவசம் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் அண்மை ஆண்டறிக்கைகளில், பெரிய மருத்துவமனைகளில் கிடைத்த அசினெட்டோபாக்டரில் பத்தில் எட்டுக்கும் மேல் கார்பாபெனம் மருந்துகளுக்கு ஆர். அங்கே மிஞ்சுவது கொலிஸ்டின் போன்ற சிறுநீரகத்தை வதைக்கும் மருந்துகள். குழாய்க்குள் படலமாக அமர்ந்துவிட்ட பிறகு அவற்றின் கதியும் டோப்ராமைசினின் கதிதான்.

எடுக்கக்கூடிய குழாயைப் பொறுத்தவரை மிக நேரடியான படல எதிர்ப்புச் சிகிச்சை, அதை எடுத்துவிடுவது. எடுத்தால் படலமும் பிளாஸ்மிட்டுகளும் உறங்கும் செல்களும் ஒரு சேரக் குப்பைத் தொட்டிக்குப் போகின்றன. மருந்துக்கு மிச்சமிருப்பது மிதப்பவை மட்டும், அவற்றுக்கு ரிப்போர்ட் சொல்லும் எஸ் பொருந்தும். இதைச் செய்துகாட்டிய முயற்சிகளில் பெயர்பெற்றது மிச்சிகன் மாநிலத்தினுடையது. நூற்றுக்கும் மேற்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் பீட்டர் ப்ரோனோவோஸ்ட் குழுவினர் ஐந்து எளிய விதிகளை நடைமுறைப்படுத்தினர்: கை கழுவுவது, குழாய் போடும்போது முழு மறைப்பு, குளோர்ஹெக்சிடினால் தோலைத் துடைப்பது, இயன்றவரை தொடை இடுக்கைத் தவிர்ப்பது, தேவையற்ற குழாயை எடுத்துவிடுவது. 1,000 குழாய் நாள்களுக்குச் சராசரியாக 7.7 ஆக இருந்த இரத்தத் தொற்று ஒன்றரை ஆண்டில் 1.4 ஆயிற்று என்று 2006-இல் அறிவித்தனர். புது மருந்து எதுவும் இதில் இல்லை. ஒப்பிடத் தனிக் குழு வைக்காத ஆய்வு இது என்ற குறையும் உண்டு. இங்கிலாந்தில் இதே திட்டத்தைப் படிப்படியாக அமல்படுத்தியபோது, திட்டம் இன்னும் தொடங்காத பிரிவுகளிலும் தொற்று குறைந்துகொண்டே வந்தது. விதிகளால் குறைந்ததா, காலத்தின் போக்கில் குறைந்ததா என்று பிரித்துச் சொல்வது கடினம். எப்படியானாலும், தீவிர சிகிச்சைக்கு நேரும் தவிர்க்க முடியாத விலை என்று கருதப்பட்ட தொற்று, குறைக்கக்கூடியது என்பது மட்டும் இரண்டு நாடுகளிலும் உறுதியாயிற்று.

இதெல்லாம் சுகாதார ஆய்வாளர் நூறு ஆண்டாகச் சொல்லும் அறிவுரை, படல அறிவியல் இதில் புதிதாக என்ன சேர்த்தது என்று கேட்கலாம். காலக்கணக்கைச் சேர்த்தது. சிறுநீர்க் குழாய் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் பாக்டீரியா குடியேறும் வாய்ப்பு 3 முதல் 7 விழுக்காடு கூடுகிறது. ஒரு மாதம் இருந்தால் ஏறத்தாழ எல்லோரிடமும் குடியேறிவிடும். அப்படிக் குடியேறியதற்காக மட்டும், காய்ச்சலோ வேறு அறிகுறியோ இல்லாத ஒருவருக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தால் மேலே மிதப்பவை செத்து உள்ளே தாங்கியவை மிஞ்சும். ஆர் தேர்ந்தெடுக்கப்படுவதற்கு இதைவிடத் தோதான ஏற்பாடு கிடையாது. வென்டிலேட்டரில் இருப்பவருக்கு மூச்சுக் குழாயை எடு என்று யாரும் சொல்ல முடியாதுதான். ஆனால் எல்லாக் குழாய்களும் அப்படி உயிரைத் தாங்கி நிற்பவை அல்ல. படுக்கையை நனைத்துவிடுவார் என்பதற்காகவும், அவசரப் பிரிவில் போட்டது அப்படியே தொடர்வதாலும், சிறுநீரை அளக்க ஆள் இல்லாததாலும் நீடிப்பவை பல. நம் வார்டுகளில் ஒரு செவிலியரின் பொறுப்பில் இருக்கும் படுக்கைகளின் எண்ணிக்கையைப் பார்த்தால் கடைசிக் காரணத்தை அலட்சியம் என்று சொல்ல மனம் வராது. குழாய் அங்கே ஓர் ஊழியரின் இடத்தை நிரப்புகிறது. ஆள் பற்றாக்குறையும் மருந்தெதிர்ப்பும் தனித்தனிக் கோப்புகளில் இருப்பது நிர்வாக வசதிக்காக மட்டுமே. வசதி மிகுந்த இடங்களிலும் மறதி வேலை செய்கிறது. அமெரிக்க மருத்துவமனைகளில் 2000-ஆம் ஆண்டு வெளியான கணக்கெடுப்பில், தம் நோயாளிக்குச் சிறுநீர்க் குழாய் இருக்கிறதா என்று கேட்டபோது மாணவர்களில் 21 விழுக்காட்டினருக்கும் மூத்த மருத்துவர்களில் 38 விழுக்காட்டினருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. பதவி உயர உயர, தெரியாதவர்கள் கூடினார்கள். இருப்பதே தெரியாத குழாயை எடுக்கச் சொல்லி ஒரு மருத்துவர் எப்படி உத்தரவிடுவார்? இதற்குக் கண்ட வழி, குழாயைத் தொடரவே தினமும் உத்தரவு வேண்டும், உத்தரவு இல்லையெனில் செவிலியரே எடுத்துவிடலாம் என்று விதியைத் தலைகீழாக்குவது. இப்படி நினைவூட்டலோ தானாக முடியும் உத்தரவோ வைத்த மருத்துவமனைகளின் ஆய்வுகளை 2010-இல் தொகுத்துப் பார்த்தபோது குழாய்வழிச் சிறுநீர்த் தொற்று 52 விழுக்காடு குறைந்திருந்தது. அதற்குத் தேவைப்பட்டது நோயாளியின் கேஸ் ஷீட்டில் ஒரு கட்டமும், அதை வைத்து முடிவெடுக்கச் செவிலியருக்கு அதிகாரமும்.